டெமோவில் பிடித்துப்போனது மென்பொருளா, உலாவியா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பிரிவின் வேலை ஆவணங்களைச் சரிபார்ப்பது. ஒரே ஆவணத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கைக்கு வரும். எது மாறியிருக்கிறது என்று பார்த்து, குறிப்பு எழுதி, ஒப்புதலுக்கு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். இதை அதுவரை மின்னஞ்சலையும் பகிர்ந்த ஃபோல்டரையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்கவில்லை. உலாவியிலேயே இயங்கும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று முடிவாகி, மூன்று மென்பொருள்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன.

ஆறு பேர் கொண்ட குழு டெமோக்களைப் பார்த்து மதிப்பெண் போடும். தாள்களைத் தொகுத்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்: எங்கள் எல்லோருடைய கணினியிலும் விண்டோஸ்தான், உலாவி எட்ஜ்தான். புதிதாக எதையும் நிறுவிக்கொள்ள எங்களுக்கு அனுமதி கிடையாது.

இந்தக் குறிப்பு இரண்டாவது டெமோவைப் பற்றியது. அந்த மென்பொருளின் பெயரோ அதை விற்றவர்களின் பெயரோ இங்கே தேவையில்லை. அவர்கள் பக்கம் பெரிய தவறு எதுவும் இல்லை. குழம்பியது நாங்கள்.

டெமோ அன்று

42 நிமிட டெமோ. காட்டியவர் தன் திரையைப் பகிர்ந்தார். பதிவு செய்துகொள்ள முன்பே அனுமதி வாங்கியிருந்தோம்.

திரை வந்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் வியப்புதான். மேலே முகவரிப் பட்டை இல்லை. டேப்கள் மேலே வரிசையாக இல்லை. இடது பக்கம் ஒரு பட்டை; அதன் உச்சியில் கட்டம் கட்டமாகச் சில சின்னங்கள், கீழே பெயர்களின் பட்டியல். பக்கம் இருக்கும் பகுதி வட்டமான மூலைகளோடு உள்ளே தள்ளி இருந்தது, சட்டம் போட்ட படம் மாதிரி. அந்தச் சட்டத்தின் நிறம் ஊதாவில் தொடங்கி இளஞ்சிவப்பில் முடிந்தது. மொத்தத்தில் நாங்கள் தினமும் பார்க்கும் உலாவி எதையும் போல அது இல்லை.

9-ஆவது நிமிடத்தில் அவர் ஒரு ஆவணத்தின் இரண்டு பதிப்புகளை அருகருகே கொண்டுவந்து வைத்தார். திரை நேர் பாதியாகப் பிரிந்தது. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. குழுவில் ஒருவர் மைக்கை அணைக்க மறந்து “இதுதான் வேணும்” என்று சொன்னது பதிவிலேயே இருக்கிறது.

கேள்வி நேரத்தில் எங்கள் குழுவின் இளையவர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், நீங்க இப்போ காட்டுறது என்னது? எந்த வெர்ஷன்?” அவர் கேட்க நினைத்தது அந்தச் சன்னலைப் பற்றி. காட்டியவர் மென்பொருளைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு அதன் பதிப்பு எண்ணைச் சொன்னார். பதில் வந்துவிட்டதே என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. அங்கே இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

மதிப்பெண் தாளில் தெரிந்தது

மறுநாள் ஆறு தாள்களும் வந்தன. “பிடித்த அம்சம்” என்ற கட்டத்தில் நான்கு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. இரண்டு பேர் “இடது பக்கப் பட்டை தெளிவாக இருக்கிறது” என்று சேர்த்திருந்தார்கள். “குறை” என்ற கட்டத்தில் மூன்று பேர் எழுதியது: ஒவ்வொரு முறையும் கோப்புகள் ஸிப்பாக டவுன்லோடு ஆகின்றன, நேரடியாக நம் ஃபோல்டரில் சேமிக்க முடியவில்லை.

தொகுத்துப் பார்த்தால் இந்த மென்பொருள்தான் முதலிடம். அறிக்கையை எழுதத் தொடங்கியவன், விற்பவர்கள் கொடுத்திருந்த அம்சப் பட்டியலைத் திறந்து ஒப்பிட்டேன். நான்கு பேருக்குப் பிடித்த அந்த ‘அருகருகே’ அம்சம் பட்டியலில் இல்லை. விற்கிறவர் தன் சரக்கின் சிறந்த அம்சத்தைப் பட்டியலில் எழுத மறப்பாரா?

கேள்வி அப்போது தெளிவானது. நாங்கள் பார்த்ததில் எது மென்பொருள், எது அதைச் சுற்றியிருந்த சன்னல்? அதைப் பிரிக்க வேண்டுமென்றால் அது என்ன சன்னல் என்று தெரிய வேண்டும்.

பதிவை மறுபடி பார்த்தது

இளையவரும் நானும் பதிவை முதலிலிருந்து ஓட்டினோம். பதிவின் தரம் சுமார்தான். திரைப் பகிர்வின் வீடியோவில் நிறத் தகவல் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவுக்குக் குறைத்தே சேமிக்கப்படும். வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பித்துக்கொள்ளும். ஊதாப் பின்னணியில் இளஞ்சிவப்பு எழுத்து கஞ்சியாகிவிடும். பக்கப்பட்டையில் இருந்த எழுத்துகள் பாதிக்கு மேல் இந்தக் கஞ்சியில்தான் போயின.

என் முதல் ஊகம் சாதாரணமானது. குரோமிலும் எட்ஜிலும் ஒரு வலைத்தளத்தைத் தனி ஆப் போலத் திறக்கலாம். அப்படித் திறந்தால் முகவரிப் பட்டையும் டேப்களும் மறைந்துவிடும். அப்படித் திறந்திருப்பார், பக்கப்பட்டை மென்பொருளுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். 9-ஆவது நிமிடத்துக்கு வந்ததும் இளையவர் வீடியோவை நிறுத்தினார்.

“சார், மணி ரெண்டு இருக்கு பாருங்க.”

நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது திரையில் இருந்த அறிவிப்பு மணிச் சின்னத்தை.

மென்பொருளின் தலைப்புப் பட்டையில் வலது ஓரத்தில் ஒரு மணி, அதன் மேல் அறிவிப்புகளின் எண்ணிக்கை, பக்கத்தில் பயனரின் பெயரெழுத்து இருந்த வட்டம். திரை பாதியாகப் பிரிந்தபோது இந்தத் தலைப்புப் பட்டை இரண்டு பாதிகளிலும் முழுசாக இருந்தது. இரண்டு மணி, இரண்டு வட்டம். இரண்டிலும் எண் 3. சற்று நேரத்தில் அவர் இடது பாதியில் ஒரு அறிவிப்பைத் திறந்தார். இடது மணியில் எண் 2 ஆனது. வலது மணியில் 3 அப்படியே நின்றது. ஒரே பக்கத்தின் இரண்டு பகுதிகள் என்றால் இப்படி ஆகாது. அவை தனித்தனியாக ஏற்றப்பட்ட இரண்டு பக்கங்கள்.

அதன் பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. ஒரு பாதியை உருட்டினால் இன்னொன்று அசையவில்லை. கர்சர் இருந்த பாதியைச் சுற்றி மட்டும் மெல்லிய கோடு ஒன்று வந்தது. பிரிக்கும் வேலையைச் செய்தது மென்பொருள் இல்லை. உலாவி இரண்டு டேப்களை ஒரே சன்னலில் காட்டியிருக்கிறது. நான்கு பேர் மதிப்பெண் போட்டது வேறு யாருடைய வேலைக்கோ.

என் தவறு

இந்த இடத்தில் அவசரப்பட்டேன். இடது பக்க டேப்கள், உச்சியில் சின்னங்களின் கட்டம், வண்ணச் சட்டம், பிரிந்த திரை: இது ஆர்க் என்று அடித்துச் சொன்னேன். இந்தத் தோற்றத்தைப் பிரபலமாக்கிய உலாவி அது. மேக் கணினிகளுக்கான அதன் 1.0 பதிப்பு 2023 ஜூலையில் வெளியானது, விண்டோஸுக்கு 2024-இல் வந்தது. படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்த முகம் என்று நினைத்துவிட்டேன்.

சொன்னதோடு நிற்காமல் அன்றைய கூட்டக் குறிப்பிலும் “உலாவி: ஆர்க்” என்று ஏறிவிட்டது. அதன் மேல் இன்னொரு முடிவும் ஏறியது. ஆர்க், குரோமியத்தின் மேல், அதாவது கூகுள் குரோமுக்கும் அடித்தளமாக இருக்கும் நிரலின் மேல், கட்டப்பட்டது. எங்கள் எட்ஜும் அப்படித்தான். ஆக, டெமோவில் மென்பொருள் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே எங்களிடமும் நடந்துகொள்ளும், ஸிப் குறை மென்பொருளின் குறைதான் என்று எழுதினோம். அந்தக் குறைக்காகக் கழித்த மதிப்பெண் அப்படியே நின்றது.

உலாவியின் பெயர் தவறிப்போனால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். பெயரில் நஷ்டம் எதுவும் இல்லைதான். அந்தப் பெயரை வைத்து உள்ளே இருக்கும் இன்ஜினைப் பற்றி, அதாவது வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் இயக்கிக் காட்டும் பகுதியைப் பற்றி, முடிவெடுத்தோம் பாருங்கள், தப்பு அங்கே நடந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் உலாவிகள் பெரும்பாலும் மூன்று இன்ஜின் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்: குரோம், எட்ஜ், ஓபரா, விவால்டி, பிரேவ் எல்லாம் குரோமியம்; ஃபயர்ஃபாக்ஸும் அதிலிருந்து கிளைத்தவையும் கெக்கோ; சஃபாரி வெப்கிட். ஒரு வலை மென்பொருள் எந்த வசதியைக் காட்டும், எதை மறைக்கும் என்பது வெளித்தோற்றத்தைப் பொறுத்ததல்ல. பெரும்பாலும் இந்த இன்ஜினைப் பொறுத்தது.

கேட்ட யோசனைகள், ஒதுக்கியவை

அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வந்தன.

முதலாவது, ஆர்க்கைத் தேடி டவுன்லோடு செய்து பார்த்துவிடலாம் என்பது. தன் சொந்த மடிக்கணினியில் செய்வதாக ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்றோம். பெயரே உறுதியாகத் தெரியாத ஒரு மென்பொருளைத் தேடல் முடிவின் முதல் சுட்டியிலிருந்து இறக்குவது ஆபத்தான வேலை. 2024 மே மாதம், ஆர்க்கின் விண்டோஸ் பதிப்பு வந்த சமயத்திலேயே, தேடல் விளம்பரங்கள் வழியாகப் போலி நிறுவிகள் பரப்பப்பட்டதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புதிதாகப் பேசப்படும் உலாவி, ஆர்வத்தோடு தேடும் ஆட்கள். ஏமாற்றுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது, காட்டியவருக்கு எங்கள் சோதனைத் தளத்தின் சுட்டி ஒன்றை அனுப்பி, அவர் திறக்கும்போது சர்வர் பதிவில் உலாவியின் பெயரைப் பார்த்துக்கொள்வது. இதை இரண்டு காரணங்களுக்காக விட்டோம். சொல்லாமல் ஒருவரை வேவு பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. உலாவிகள் சர்வருக்குச் சொல்லும் அந்த அறிமுக வரி பல வருடப் பொய்களின் அடுக்கு. அநேகமாக எல்லா உலாவியும் ‘மொஸில்லா/5.0’ என்று தொடங்கும். குரோம் தன்னை ‘சஃபாரி’ என்றும் சொல்லிக்கொள்ளும். விவால்டி 2019 டிசம்பரிலேயே தன் பெயரைப் பெரும்பாலான தளங்களிடம் மறைத்து, குரோம் என்றே காட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் சில தளங்கள் உள்ளே விடவில்லை என்பதே காரணம். சிறிய உலாவிகள் பலவும் தாய் உலாவியின் பெயரைத்தான் நீட்டுகின்றன. இன்ஜின் தெரியும், வீட்டுப் பெயர் தெரியாது.

மூன்றாவது யோசனை மிக எளியது: அவரிடமே கேட்பது. அதையும் அன்று தள்ளிப்போட்டோம். “பிரவுசர் எதுன்னு கேட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க” என்று குழுவில் மூத்தவர் ஒருவர் தயங்கினார். எனக்கும் உள்ளூர அதே தயக்கம் இருந்தது, அதனால் மறுத்துப் பேசவில்லை. இதற்கு வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

நான்கு நொடி

அடுத்த நாள் காலை இளையவர் என் மேசைக்கு வந்தார். இரவு பதிவை மறுபடி பார்த்திருக்கிறார். 31-ஆவது நிமிடத்தில், பக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்ட டெமோ காட்டியவர் எஃப்12 பொத்தானை அழுத்துகிறார். பக்கம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று காட்டும் டெவலப்பர் கருவிகள் திரையின் கீழ்ப்பகுதியில் திறக்கின்றன. சுமார் நான்கு நொடி. மூடிவிடுகிறார். நான் அந்த இடத்தை முதல் முறை பார்த்தபோது அவர் சொன்ன வேகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தை நிறுத்திப் பெரிதாக்கினோம். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதனால் தப்பித்திருந்தது. வரிசையாக: இன்ஸ்பெக்டர், கன்சோல், டீபக்கர், நெட்வொர்க், ஸ்டைல் எடிட்டர். ஐந்தாவதுக்கு மேல் மங்கல்.

நான் வாயைத் திறக்கவில்லை. குரோமியம் குடும்பத்தில் இந்த வரிசை எலிமென்ட்ஸ், கன்சோல், சோர்சஸ், நெட்வொர்க் என்று போகும். இன்ஸ்பெக்டரும் டீபக்கரும் ஸ்டைல் எடிட்டரும் ஃபயர்ஃபாக்ஸின் வீட்டுச் சொற்கள். உலாவியின் வெளித்தோற்றத்தை மாற்றுகிறவர்கள் டெவலப்பர் கருவிகள் வரைக்கும் கைவைப்பது அபூர்வம். வாசலுக்கு எந்த வண்ணம் அடித்தாலும் சமையலறை பழையபடியே இருக்கும். ஆர்க் இல்லை. கெக்கோ.

ஒரே ஆதாரத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தாகிவிட்டது, அதனால் இரண்டாவது ஆதாரம் தேடினோம். 17-ஆவது நிமிடத்தில் கிடைத்தது. அவர் பக்கத்தில் வலது கிளிக் செய்கிறார். வந்த மெனுவின் உச்சியில் எழுத்து இல்லை. பின்னே, முன்னே, மறுபடி ஏற்று, நட்சத்திரம் என்று நான்கு சின்னங்கள் ஒரு வரிசையில். விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸின் வலது கிளிக் மெனு இப்படித்தான் இருக்கும். குரோமில் அவை எழுத்தாக ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். இதை முந்தின நாளே பார்த்திருந்தேன். விண்டோஸ் 11-இன் மெனுக்களிலும் சின்ன வரிசை உண்டே, அதன் சாயலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆர்க் என்று முடிவு கட்டிய பிறகு அதற்கு இடைஞ்சலாக வந்ததை எல்லாம் நானாகவே ஒதுக்கியிருக்கிறேன்.

படம் மங்கலாக இருந்து டெவலப்பர் கருவிகளும் திறக்கப்படாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அப்புறம் பேசிக்கொண்டோம். பிழைச் செய்தி ஒன்று கண்ணில் பட்டாலும் போதும். இல்லாத ஒரு பொருளின் உள்ளே எதையோ படிக்க முயன்றால் குரோமியம் ‘கெனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட்’ என்று சொல்லும். ஃபயர்ஃபாக்ஸ் ‘கான்ட் ஆக்சஸ் ப்ராப்பர்ட்டி’ என்று தொடங்கும். சஃபாரி ‘அன்டிஃபைன்ட் இஸ் நாட் அன் ஆப்ஜெக்ட்’ என்னும். ஒரே தவறுக்கு மூன்று வீட்டுப் பேச்சு.

கெக்கோ குடும்பத்தில் யார்?

இன்ஜின் தெரிந்ததும் தேட வேண்டிய வட்டம் சுருங்கியது. ஃபயர்ஃபாக்ஸிலேயே 2025 மார்ச்சில் வந்த 136-ஆவது பதிப்பிலிருந்து டேப்களை இடது பக்கம் அடுக்க முடியும். ஆனால் முகவரிப் பட்டை அப்போதும் மேலேயே இருக்கும். தன் விருப்பத்துக்கு ஃபயர்ஃபாக்ஸின் தோற்றத்தை மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘யூசர்குரோம்’ என்ற ஸ்டைல் கோப்பை வைத்துப் பட்டைகளை மறைக்கலாம், மூலைகளை வட்டமாக்கலாம். வெறும் ஸ்டைல் கோப்பால் செய்ய முடியாதது இரண்டு டேப்களை ஒரே சன்னலில் அருகருகே ஓட்டுவது.

மிஞ்சியது ஸென். 2024-இல் வெளிவந்த, ஃபயர்ஃபாக்ஸின் மேல் கட்டப்பட்ட திறந்த மூல உலாவி. ஆர்க்கைப் பார்த்து ஏங்கிய, ஆனால் குரோமியம் வேண்டாம் என்று நினைத்த ஆட்களுக்கு ஏற்ற மாதிரி அமைந்தது. பக்கப்பட்டை, உச்சியில் சின்னக் கட்டம், தனித்தனிப் பணியிடங்கள், பிரிந்த திரை, பணியிடத்துக்கு ஒரு வண்ணக் கலவை என்று எல்லாம் அதில் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். நான் ஏமாந்தது இதனால்தான், ஆனாலும் அது சமாதானம் ஆகாது.

தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லி, அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த சோதனைக் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கினோம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள ஸென் திட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்கி அங்கிருந்த சுட்டி வழியாகவே நிறுவியை எடுத்தோம். தேடல் பெட்டி பக்கமே போகவில்லை. ஏதோ இரண்டு பக்கங்களைத் திறந்து அருகருகே வைத்தோம். பதிவின் படத்தை இன்னொரு திரையில் வைத்து ஒப்பிட்டோம். வட்ட மூலை, இடைவெளி, கர்சர் இருக்கும் பாதியைச் சுற்றிய கோடு, வலது கிளிக் மெனுவின் சின்னங்கள், எஃப்12 அழுத்தினால் வரும் வரிசை எல்லாம் பொருந்தின. நிறம் மட்டும் வேறு, அது அவரவர் தேர்வு.

கேட்டோம்

இதற்கு மேலும் கேட்காமல் இருப்பது அபத்தம் என்று தோன்றியது. இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன்: டெமோவில் பயன்படுத்திய உலாவி ஸென்தானா, அருகருகே பார்க்கும் வசதி உங்கள் மென்பொருளுடையதா, உலாவியினுடையதா?

ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. ஸென்தான், அது தன் சொந்த விருப்பம், பிரித்துக் காட்டியது உலாவி, அதை டெமோவில் சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். யாரும் எங்களைக் கேவலமாக நினைத்த மாதிரி தெரியவில்லை. “இதே கேள்வியை இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள்” என்று ஒரு வரியும் இருந்தது.

எங்கள் எட்ஜில் மறு டெமோ

கூட்டக் குறிப்பில் இருந்த “ஆர்க்” என்பதைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்பதையும் எழுதினேன். பிறகு விற்பவர்களிடம் ஒரு சோதனைக் கணக்கு கேட்டு, எங்கள் கணினியில், எங்கள் எட்ஜில், அதே வேலைகளை அதே வரிசையில் செய்து பார்த்தோம். 25 நிமிடம் ஆனது.

எதிர்பார்த்தது நடந்தது: பக்கப்பட்டை இல்லை, பிரிந்த திரை இல்லை, வண்ணச் சட்டம் இல்லை. உள்ளே இருந்த மென்பொருள் எளிமையான, கொஞ்சம் மந்தமான முகம் கொண்டது. அறையில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது.

எதிர்பாராததும் நடந்தது. கோப்புகளைச் சேமிக்கும் இடத்துக்கு வந்தபோது, டெமோவில் இல்லாத ஒரு பொத்தான் நின்றது: “ஃபோல்டரைத் தேர்ந்தெடு.” அழுத்தினால் நம் கணினியின் ஃபோல்டரைக் காட்டச் சொல்லி, அனுமதி கேட்டு, நேராக அதிலேயே எழுதியது. ஸிப் இல்லை.

காரணம் இன்ஜின்தான். ஒரு வலைப்பக்கம் பயனரின் ஃபோல்டரைத் திறந்து அதில் நேரடியாக எழுத உதவும் வசதி 2020-இல் குரோம் 86-ஆவது பதிப்போடு வந்தது. எட்ஜிலும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் இதை ஏற்கவில்லை. பாதுகாப்புக் கவலைகள் உண்டு. நன்றாக எழுதப்பட்ட மென்பொருள், உலாவியிடம் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் பொத்தானைக் காட்டும், இல்லையென்றால் ஸிப் கொடுக்கும். டெமோ கெக்கோவில் ஓடியதால் எங்களுக்கு ஸிப்தான் தெரிந்தது. குரோமியம் என்றாலே உண்டு என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. பிரேவ், குரோமியத்தின் மேல் இருந்தும் இதை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது.

மூன்று பேர் எழுதிய குறை மென்பொருளுடையது இல்லை. நான்கு பேர் எழுதிய நிறையும் மென்பொருளுடையது இல்லை. ஆர்க் என்ற என் முடிவு குறிப்பில் அப்படியே இருந்திருந்தால் நிறையை மட்டும் கழித்துவிட்டு, குறையை மென்பொருளின் தலையிலேயே கட்டியிருப்போம்.

என்ன முடிவானது

ஆறு பேரும் தாளை மறுபடி நிரப்பினார்கள். அருகருகே பார்க்கும் அம்சத்துக்குப் போட்ட மதிப்பெண் போனது, சேமிக்கும் முறைக்குக் கழித்த மதிப்பெண் திரும்பியது. மொத்தத்தில் முதலிடம் போய் இரண்டாம் இடம், அதுவும் மிகச் சிறிய இடைவெளியில். மூன்றாவது டெமோவும் முடிந்த பிறகு, கடைசியில் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை. பழைய குறிப்புகளுக்குள் தேடுவதில் இந்த மென்பொருள் மற்ற இரண்டையும் விடத் தெளிவாக நன்றாக இருந்தது. மூன்று மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டோம்.

இரண்டு பேர் ஸென்னையே அலுவலகக் கணினிகளில் நிறுவித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவு மறுத்தது: இன்னொரு உலாவி என்றால் அதன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் யாராவது பின்தொடர வேண்டும், அதற்கு ஆள் இல்லை. நியாயமான பதில் என்றே நினைக்கிறேன்.

அந்த மறுப்பைச் சொல்ல வந்தவர்தான் போகிற போக்கில் கேட்டார்: “எட்ஜிலேயே ஸ்பிலிட் ஸ்கிரீன் இருக்கே, பார்த்ததில்லையா?” 2023 முதல் இருக்கிறது. இடது பக்க டேப்கள் 2021 முதல். ஏழு பேர், எல்லோருடைய திரையிலும், வருடக்கணக்காக. யாரும் அதை அழுத்தியதில்லை. ஆளாளுக்குத் தன் மேசைக்குப் போய்த் திறந்து பார்த்தார்கள். இரண்டு பாதியும் தனித்தனியாகத்தான் உருளும், ஆனால் அன்று டெமோவில் பார்த்ததும் அதேதான்.

மாற்றிக்கொண்டவை

டெமோ அழைப்புக் கடிதத்தில் இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது: எங்கள் கணினிகளில் உள்ள உலாவியிலேயே காட்டவும், முடியாவிட்டால் தொடக்கத்தில் உலாவியின் ‘பற்றி’ பக்கத்தைத் திறந்து பெயரையும் பதிப்பையும் காட்டவும். மதிப்பெண் தாளில் ‘பிடித்த அம்சம்’ கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம்: இது விற்பவரின் பட்டியலில் இருக்கிறதா? அதை நிரப்பாமல் தாள் தொகுப்புக்கு வராது. டெமோவைத் திரைப் பகிர்வின் இயல்பான தரத்தில் விடாமல் கிடைக்கிற அதிகத் தரத்தில் பதிவு செய்கிறோம்.

என் பக்கத்தில் மாற்றியது ஒன்று. கூட்டக் குறிப்பில் ஊகத்தை எழுதினால் “ஊகம்” என்றே எழுதுகிறேன், எந்த ஆதாரம் வந்தால் அதைக் கைவிடுவேன் என்று பக்கத்தில் குறிக்கிறேன். அந்த வலது கிளிக் மெனுவை முதல் நாளே பார்த்துவிட்டு விட்டதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. கண்டுபிடித்தவர் பெயராக அறிக்கையில் இளையவருடையதைத்தான் போட்டேன்.

மூன்றாவது டெமோ ஏற்கனவே திட்டமிட்டிருந்த நாளில் நடந்தது. காட்டியவர் தொடக்கத்திலேயே ‘பற்றி’ பக்கத்தைத் திறந்தார். சாதாரண குரோம். 20 நொடி ஆனது.

டெமோவில் மைக்கை அணைக்க மறந்து “இதுதான் வேணும்” என்று சொன்னவர் இப்போது தினமும் எட்ஜின் அந்தப் பிரிக்கும் பொத்தானைத்தான் பயன்படுத்துகிறார். அதை இன்னும் அந்த மென்பொருளின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்.